கொளுவினதற்கு இரண்டு நிமிடம்

...ஹொக்கி ஸ்ரிக்கால் கொளுவினாளாம், கொளுவுவதற்கு அந்த எதிரணிப் பெட்டை என்ன கொடியில் காயும் சேலையா, ஸ்ரிக்கின் நுனி பட்டதும் படாததுமாக ஐஸில் தொப்பென்று விழுந்தாள், நடுவருக்கு அது போதும், கையைத் தூக்கிவிட்டார், இனி இரண்டு நிமிடம் அன்ரனெற் இந்தத் தண்டனைப் பெட்டிக்குள் குந்தியிருக்க வேண்டும், வெளியே அவளுடைய அணி ஒருத்தி குறைவாக நின்று ஒரேயொரு கோல் முன்னிலையைக் காப்பாற்ற வேண்டும்... காப்பாற்றுவார்கள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தன்மேலும் சந்தேகமில்லை, முப்பத்து மூன்று வயதிலும் அவளைச் சுழித்துத் தாண்டிக்கொண்டு போக இந்த லீக்கில் ஆளில்லை. காலையில் கோச் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். அடுத்த வருசமும் விளையாடுகிறாயா, இல்லை உதவி கோச்சாக என்னோடு பெஞ்சுக்குப் பின்னால் நிற்கிறாயா, மட்ச் முடியச் சொல் என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்னால் நிற்கவா சின்ன வயதில் ஊரில், மில்லிக்கனில், பெட்டைகளுக்கு அணி இல்லாமல் பொடியன்களோடு விளையாடி முன்பல்லைக் கொடுத்தாள், தேசிய அணி முகாமில் கடைசி நாள் அவளை வெளியே அனுப்பிவிட, அடுத்த வருசம் திரும்பப் போய் இடம் பிடித்தாள்? விளையாடுவாள், அவ்வளவுதான்.

"மறி! மறியடி!" அம்மாதான், ஸ்பீக்கர் இரைச்சலையும் கண்ணாடியையும் தாண்டி அந்தக் குரல் மட்டும் எப்படியோ வந்துவிடும்... அணியில் எல்லோருக்கும் அவள் 'மரீ', அம்மா ஓயாமல் கூப்பிடுவது மகளின் செல்லப்பெயர் என்று நினைத்துவிட்டார்கள், அவளும் திருத்தவில்லை, ஒரு நிருபர் அன்ரனெற் மரீ என்று பேப்பரிலேயே போட்டுவிட்டார், மாதாவின் பெயரல்லவா என்று பங்குச் சாமியாருக்குச் சந்தோசத்தில் பெரிய புளுகம். அன்று காரில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "நான் மறிக்கச் சொல்ல, உதுகள் உனக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டுதுகள் பிள்ளை." சரி, ஆனால் மகள்தான் இப்போது பெட்டிக்குள் இருக்கிறாளே, அம்மா யாரை மறிக்கச் சொல்கிறா? ஹேலியை, வேறு யாரை, ஒருத்தி குறைந்தாலும் மறிக்க ஆள் வேண்டுமே, அன்ரனெற்றின் இடத்தைப் பார்க்கும் அந்தச் சின்னவளை. கொஞ்சம் பொறாமை வந்தது, ஒளிப்பானேன், வந்தது. அதற்குள் எதிரணிக்காரி பக் வட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள், ஹேலி, இடதுபக்கம் போ, இடதுபக்கம் என்று அன்ரனெற் முணுமுணுத்தாள், அந்த விசரி வலதுபக்கம் போனாள், பிழை, படுபிழை, போச்சு... எதிரணிக்காரி வலதுபக்கம்தான் அடித்தாள், ஹேலி சரிந்து விழுந்து பக்கை விலாவில் வாங்கிக்கொண்டாள். அன்ரனெற் எழும்பி நின்று கண்ணாடியில் இரண்டு கையாலும் குத்தினாள், தொண்டை அடைக்கும் அளவுக்குக் கத்தினாள். அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் இடதுபக்கம் போயிருப்பாள். அது கோலாகியிருக்கும், சந்தேகமேயில்லை.

இரண்டு நிமிடம் முடிந்து பெட்டிக் கதவு திறந்தது, பாய்ந்தாள், கால்கள் சொன்ன சொல் கேட்டன, மூச்சு வாங்கவில்லை, மூலையில் ஒருத்தியைத் தோளால் நெருக்கிப் பக்கைப் பறித்து மறுகரைக்கு அனுப்பினாள், இதோ, இன்னும் இரண்டு வருசம்கூட விளையாடலாம், கோச்சுக்குச் சொல்லப்போகும் பதில் மாறவில்லை... பின்னே, இத்தனை வருசம் தான் மறித்தபோது ஒருநாளும் இப்படி நின்று கண்ணாடியில் குத்தவில்லையே, இன்றைக்கு ஹேலி மறித்ததற்கு மட்டும் ஏன் குத்தினாள்?