பால் கொடுப்பவளின் மாத்திரை

டிப்போவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். பிதுங்கி வழிகிற பஸ்ஸில் பின்படியில் தொங்குபவனை முன்னாலிருந்தே அதட்டி உள்ளே ஏற்றிவிடும் குரல் அவளுக்கு. அந்தக் குரலையே பறித்துக்கொள்ள வந்ததுபோல் மூன்று வருஷத்துக்கு முன் முகநரம்பில் வலி வந்தது. காற்று பட்டாலும் பேச வாயெடுத்தாலும் வலது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும். மாத்திரையின் தயவில்தான் வேலையில் நீடித்தாள்.

பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவானதுமே நரம்பு டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் பூசி மெழுகவில்லை.

“ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கு. அதுக்காக நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது. முடிஞ்ச வரைக்கும் அளவைக் குறைப்போம். ஃபோலிக் ஆசிட் இப்பவே ஆரம்பிங்க, ஒரு ஸ்கேனையும் விடாதீங்க.”

ஒன்றையும் விடவில்லை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது, கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனாரின் கண்ணில் மாத்திரை அட்டை பட்டது.

“பால் குடுக்கிறவ இதையா முழுங்கறே? பெத்தவன்னா வலியைப் பொறுத்துக்கணும்.”

சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சமையலறைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். புருஷன் அக்காவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், பல் துலக்கப் போய்விட்டான்.

ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் காலை பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் கை கன்னத்தில் பட்டது. உடம்பு தூக்கிப்போட்டதில் குழந்தை மடியிலிருந்து நழுவி, கடைசி நொடியில் கையில் சிக்கியது. அப்புறம் அவள் யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டர் சீட்டோடு மருந்துக் கடைக்கு நடந்தாள்.

கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

“இதைத் தர மாட்டேம்மா. கைப்பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“பால் குடுக்கறேன்னு சீட்டுலயே எழுதியிருக்கு. படிங்க. சந்தேகம்னா டாக்டருக்குப் போன் போடுங்க.”

“பின்னாடி வரிசை நிக்குது. தள்ளி நில்லுங்க.”

“பன்னெண்டு வருஷமா நான்தான் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்றேன். இன்னிக்கு நான் நகர மாட்டேன்.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் கன்னத்தில் ஊசி பாய்ந்தது. கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது. ஆனாலும் குரலை ஒரு படிகூட இறக்கவில்லை.

“அந்தம்மா கேக்கறது நியாயம்தானே. போனைப் போடுய்யா,” என்றார் வரிசையில் ஒருவர்.

கடைக்காரர் போட்டார். நாலு தடவை “சரிங்க டாக்டர்” என்றார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

“பால்ல போற அளவு கொஞ்சம்தான்,” என்றார் டாக்டர். “குழந்தை வழக்கத்தைவிட அதிகமா தூங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே கூட்டிட்டு வாங்க. நேத்து விட்டதுக்காகச் சேர்த்துப் போடாதீங்க. வழக்கமான அளவுதான்.”

வீட்டுக்கு வந்து, நாத்தனார் பார்க்கவே ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

“பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகுதான்னு நான் தினமும் பாக்கறேன் அண்ணி. நீங்களும் பாருங்க. ஆனா இனிமே இந்த அட்டையில கை வெச்சீங்கன்னா, நம்ம பேச்சு வேற மாதிரி இருக்கும்.”

பல் துலக்கப் போக இந்தத் தடவை புருஷனுக்கு நேரம் வாய்க்கவில்லை. “அக்கா, அவ மருந்தை விடு,” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வாரம் தடுப்பூசி போடும் இடத்துக்கு நாத்தனாரும் கூடவே வந்தாள். நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தி, “எடை நல்லா ஏறியிருக்கு,” என்றாள்.

“சரியா பாத்தீங்களா? இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க,” என்றாள் நாத்தனார்.

நர்ஸ் வைத்தாள். முள் அதே இடத்தில் நின்றது.

“மூணாவது தடவையும் வெக்கச் சொல்லட்டுமா அண்ணி?” என்றாள் கண்டக்டரம்மா.

நாத்தனார் குழந்தைக்குச் சட்டை மாட்டுவதில் மும்முரமாகிவிட்டாள்.