மீதி வாங்காதவர்கள்

காலமான கண்டக்டர் மாரியப்பனின் காசுகளுக்கு இன்சூரன்ஸுக்காக மதிப்புப் போட்ட அன்று, விழுப்புரத்தில் அவர் வீட்டுக் கூடத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பஸ் பயணிகள் வந்துசேர்ந்தார்கள். அந்தத் தெருவில் பஸ் போகாது. வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவர்கள் மேல் புகார் இல்லை.

மாரியப்பன் முப்பது வருஷம் திண்டிவனம் விழுப்புரம் தடத்தில் டிக்கெட் கிழித்தவர். பதினைந்தரை ரூபாய் டிக்கெட்டுக்கு யாராவது இருபது ரூபாய் நோட்டை நீட்டினால், "அம்பது காசு குடுங்க, அஞ்சு ரூபாயா தந்துடறேன்" என்பார். ஜனங்களும் பையைத் துழாவி, கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். அப்படி வந்து சேர்ந்தவைதான் அவருடைய சேகரிப்பு. ஓட்டைக் காலணா, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன காசு, சிங்கப்பூர்ச் சில்லறை, அச்சு பிசகி இரண்டு பக்கமும் சிங்கம் விழுந்த ரூபாய் என்று பலதும் உண்டு. டெப்போவில் அதையெல்லாம் கட்ட முடியாது. தன் சம்பளத்திலிருந்து போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டு, செல்லாததை வீட்டில் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தார். செல்லாக் காசைத் தள்ளிவிட்டவர்கள் பெரும்பாலும் மீதி ஐந்து ரூபாயைக் கேட்கக் கூச்சப்பட்டு, டிக்கெட்டின் முதுகில் அவர் எழுதிக் கொடுத்ததோடு இறங்கிப் போய்விட்டார்கள். ஏமாற்றுகிறவனுக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்த காலம் அது.

அவருடைய மகள் செண்பகம், புருஷனை இழந்து அவர் வீட்டோடு வந்துவிட்டவள், கடைசிப் பன்னிரண்டு வருஷம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகன் இனியவன், பரீட்சையில் தவறிய அன்று தாத்தா வண்டியில்தான் ஏறினான். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தியபோது இறங்கினான். ஏறவில்லை. மாரியப்பன் பார்த்தார், தேடினார், பயணிகள் கூச்சல் போட்டார்கள், கடைசியில் விசில் ஊதிவிட்டார். அந்த விசிலை மன்னிக்க மாட்டேன் என்று செண்பகம் ஊரறியச் சொன்னாள். ஊர் அறியாதது ஒன்று உண்டு. அன்று காலையில் போனில், "இந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்கு வராத" என்று மகனிடம் சொன்னவள் அவள்தான். அப்பாவின் விசிலைத் திட்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் மண்ணை அள்ளிப் போடத்தான். போலீஸுக்குப் போனாள், பேப்பரில் போட்டோ கொடுத்தாள், டோல்கேட் ஓரத்து டீக்கடை ஒவ்வொன்றிலும் நின்று அழுதாள், அமாவாசைதோறும் மேல்மலையனூருக்குப் போய் அம்மனிடம் சண்டை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

மாரியப்பன் போன அடுத்த வருஷம் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு நடந்தது. சென்னையில் இருந்த செண்பகத்தின் தம்பி ஆனந்தராஜ், காசுகளில் தனக்கும் பாதி உண்டு என்பதை அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டு, இன்சூரன்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாக மதிப்புப் போட்டுத் தரச்சொன்னது கம்பெனி. திண்டிவனத்திலிருந்து வேங்கடேசன் என்ற மதிப்பீட்டாளர் ஒரு பூதக்கண்ணாடியும் சின்னத் தராசுமாக வந்து சேர்ந்தார்.

பிரெஞ்சுக் காசை முதலில் எடுத்து, "மூவாயிரம் போடலாம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. விளிம்பை மறுபடி பார்த்துவிட்டு, "இல்ல, நாலாயிரத்தி எறநூறு" என்று திருத்தினார். மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். "கண்டக்டரு இல்லீங்களா? மீதி அஞ்சு ரூபா வரணும்" என்று டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். எழுத்து அப்பாவுடையது. செண்பகம் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை இடுப்பில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அடுத்தடுத்த காசுகளுக்கும் அப்படியே ஆயிற்று. விலை தப்பாக இருந்தால் யாரும் வரவில்லை, சரியான விலை வாயில் வந்ததும் காசு கொடுத்தவர் வந்து நின்றார். வேங்கடேசனுக்கு இதில் சந்தோஷம்தான். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் போட்ட மதிப்புக்குக் கையோடு சாட்சி வந்து நின்றது அன்றைக்குத்தான். வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். மீதிப் பேர் உயிரோடு வெவ்வேறு ஊரில் இருந்தார்கள். வல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் வல்லத்தில் தன் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்ததைப் பிற்பாடு அவருடைய உறவுக்காரர்கள் உறுதி செய்தார்கள். செத்தவர், இருப்பவர் என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. எல்லோருக்கும் பஸ்ஸில் நின்று வந்த வியர்வை இருந்தது. நடுவில் சில்லறை தீர்ந்தபோது, இந்தத் தடவை வாங்காமல் போவதில்லை என்ற முடிவோடு அவர்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கடையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசுகள் வந்த பிறகுதான் எழுந்து போனார்கள்.

செண்பகத்துக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "ஜல்தியா பாருங்க சார்" என்று வேங்கடேசனை விரட்டினாள். ஒவ்வொரு விலைக்கும் வாசலைப் பார்த்தாள். லாரி கிளீனர் வந்தான், கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஒரு பெரியவர் வந்தார், ஆட்டுக்குட்டியோடு ஒருத்தி வந்தாள். ஒவ்வொருவரும் அவள் மகனாக இல்லை என்பதற்காகவே அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது.

டின்னின் அடியில் ஒரு தகடு மிஞ்சியது. வேங்கடேசன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார்.

"இது காசே இல்லம்மா. யாரோ தண்டவாளத்துல வெச்சி ரயில ஏத்தியிருக்காங்க. மதிப்பு ஒண்ணுமில்ல."

ஜங்ஷன் பின்பக்கம் தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்கியதற்காக இனியவன் சின்ன வயதில் அவளிடம் அடி வாங்கியிருக்கிறான். அன்றைக்கு வண்டியில் தாத்தாவைச் சீண்டுவதற்காக இதை நீட்டியிருக்கிறான். சொந்தப் பேரனுக்கும் டிக்கெட் போடுகிற மனுஷன், செல்லாது என்று தெரிந்தே வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு வருஷம் அவளிடம் காட்டவும் தைரியம் இல்லாமல் வைத்திருந்திருக்கிறார். "அப்பா" என்று செண்பகம் வாய்விட்டுச் சொன்னாள். அந்த வார்த்தை அந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"மதிப்பு இல்லன்னு சொல்லாதீங்க சார். ஆயிரம் போடுங்க" என்றாள். வாசலில் யாரும் இல்லை. லட்சம் என்றாள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வைத்தாள். இந்த வீடு என்றாள். இருக்கிற மிச்ச ஆயுசு என்றாள். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பதும், வாசல் வெறிச்சென்று கிடப்பதுமாக இருந்தது. சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லாமல் போனபோது தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வேங்கடேசனுக்குச் சங்கடமாகிவிட்டது. நாலரை மணி பஸ்ஸையும் பிடிக்க வேண்டும்.

"கட்டத்த காலியா வுட்டா கம்பெனியில திருப்பிடுவாங்கம்மா. அம்பது காசுன்னு போட்டுக்கறேன், வுடுங்க."

வாசலில் இனியவன் செருப்பைக் கழற்றினான். பத்தொன்பது வயது, அதே நீலச் சட்டை, வாயில் டீ வாசனை. டிக்கெட்டின் முதுகைக் காட்டி, "தாத்தா எங்கம்மா? எனக்கு அஞ்சு ரூபா தரணும், எறங்கணும்" என்றான்.

செண்பகத்தின் கைப்பிடி நிறைய ஐந்து ரூபாய்க் காசுகள் இருந்தன. உயிரோடு இருக்கிறாயா என்று அவள் கேட்கவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சில்லற இல்லடா கண்ணு. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். வேங்கடேசன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தார். கம்பெனி எல்லாக் காசுகளையும், ஐம்பது காசுத் தகடு உட்பட, இன்சூர் செய்தது. ஆனந்தராஜ் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறான். செண்பகத்தின் தலை முழுக்க நரைத்துவிட்டது, இனியவனுக்கு மீசை கூட இன்னும் சரியாக வரவில்லை. தினமும் காலையில் கேட்கிறான், தினமும் அவள் இல்லை என்கிறாள், அவனும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுத் தோசை சாப்பிடுகிறான். தெருவுக்கு எல்லாம் தெரியும். பால்காரர் மாதக் கடைசியில் அந்த வீட்டுக்கு ஐந்து ரூபாய் மீதி தரவேண்டி வந்தால், கையில் சில்லறை இருந்தாலும், அடுத்த மாசம் கழிச்சிக்கலாங்க என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுக்கிறார்.