மோர் நிறத்து நெகட்டிவ்

மதகிலிருந்து விழுந்த தண்ணீரை நானும்தான் பார்த்தேன். ஜேடர்பாளையம் தடுப்பணையில் அன்றைக்கு இவள் பக்கத்திலேயே கேமராவோடு நின்றேன். எனக்கு மட்டும் ஏன் அது வெறும் தண்ணீராகவே இருந்தது?

சரிதா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டு மாடியறையில், ஸ்ரீதேவி மேசைமேல் வைத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் படம் எடுக்கும் சயனோடைப் முறையை இருவரும் ஒரே பயிற்சி வகுப்பில் கற்றவர்கள். பிரிண்டரில் பிளாஸ்டிக் தாளில் நெகட்டிவ் எடுத்து, ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். மை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும்.

ஸ்ரீதேவியின் படத்தில் நுரை வெள்ளையாக நிற்கவில்லை. அழுக்கு நீலமாகக் கலங்கிக் கிடந்தது. ஆனாலும் அதில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அதுதான் சரிதாவுக்குத் தாங்கவில்லை.

பெங்களூர் கண்காட்சி ஒன்றுக்கு அந்தப் படம் தேர்வாகியிருந்தது. கணினியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், வெயிலில் எடுத்த பிரதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். தானும் விண்ணப்பித்ததையும், வேண்டாமென்று பதில் வந்ததையும் சரிதா யாரிடமும் சொல்லவில்லை. அவள் அனுப்பியவை அம்மாபேட்டைத் தறிகள். வெள்ளை வெள்ளையாக, நீலம் நீலமாக, குறையே சொல்ல முடியாத படங்கள். அவ்வளவுதான்.

ஸ்ரீதேவி தன் நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். "கருப்பு எப்படி நிக்குதுன்னு பாருங்க்கா. ஜன்னல் கம்பிகூடத் தெரியலைங்க. அப்புறம் எப்படிங்க வெயில் உள்ள பூருது?"

கண்ணுக்கு மறைப்பது வேறு, வெயிலை மறைப்பது வேறு. காகிதத்தை நீலமாக்கும் புற ஊதாக் கதிர் அந்தக் கருப்பு மைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். ஒவ்வொரு நிறத்தையும் பட்டையாக அடித்து, கோடை முழுக்க மொட்டைமாடியில் காட்டிப் பார்த்துச் சரிதா கண்டுபிடித்தது அது. அவள் பிரிண்டரில் மஞ்சளும் துளி நீலமும் சேர்ந்த வெளிர் பச்சைதான் வெயிலைத் தடுத்தது.

அந்தப் பச்சையில் எடுத்த நெகட்டிவ் ஒன்று மேசையிலேயே கிடந்தது. ஸ்ரீதேவி அதை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "இதென்னங்க்கா, கொத்தமல்லி போட்ட மோராட்டம் வெளுத்துக் கெடக்குது. இங்க் தீந்துபோச்சுங்களா?"

எல்லாவற்றையும் பார்த்துவிடும் கண் இதைப் பார்க்கவில்லை. சரிதாவுக்கு உள்ளே என்னவோ இனித்தது. இனித்த வேகத்திலேயே கூசியது.

வெயிலில் வைக்கும் நேரத்தைக் குறைத்தால் நீலமே செத்துப்போகிறது என்றாள் ஸ்ரீதேவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க்லதான் தப்புன்னு தோணுதுங்க. நீங்க எதைப் போடறீங்க? உங்களுக்குத் தெரியும், சொல்லுங்க்கா" என்றாள்.

காகிதம் சரியில்லை என்று சொல்லலாம். கழுவிய தண்ணீரில் உப்பு என்று சொல்லலாம். நம்பிவிடுவாள். பொய் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் தெரியாதவளாக இவள் முன்னால் நிற்பது அதைவிடக் கசந்தது. எனக்கும் ஒன்று இருக்கிறது என்று இவளுக்குத் தெரியட்டும்.

"தெரியும்" என்றாள் சரிதா. பச்சை நெகட்டிவை ஸ்ரீதேவியின் கையிலிருந்து மெல்ல வாங்கி உறைக்குள் போட்டாள். "அதை மட்டும் கேக்காத சாமி. நான் சொல்லமாட்டேன்."