சுவிட்சடியில் நின்றவள்

முதலில் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள் அக்காக்காரி. செத்துப்போனவனின் கூடப் பிறந்த அக்கா. அழுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கூடம் நிறைய ஆட்கள். நேற்றுக் காலையிலிருந்து அந்த டிரில்லிங் மெஷின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. துளை போடுகிற பிட் சுவருக்குள் இறுகிக்கொண்டதால் விழவில்லை. வயர் அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முறுக்கேறிக் கிடந்தது. அதற்கு நேர் கீழேதான் உடலைக் கிடத்தப் பெஞ்சு போட்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் தலையைக் குனிந்து அதைக் கடந்தார்களே தவிர, ஒருத்தருக்காவது பிளக்கைக் கழற்றத் தோன்றவில்லை. அதான் சுவிட்சை அணைத்தாயிற்றே என்றார் ஒருவர். சுவிட்சை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிற ஆட்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆட்களுக்குத்தான் வருஷக்கணக்காக அவள் மெஷின் வாடகைக்கு விடுகிறாள்.

கடைத்தெருக் கோடியில் இருந்தது அவள் கடை. டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், ஏணி எல்லாம் நாள் வாடகைக்கு. மெஷினைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு பாட்டுப் பாடுவாள். கண்ணாடி போட்டுக்கோங்க, தொளதொளன்னு சட்டை வேண்டாம், கையுறையும் வேண்டாம், சுத்துறப்போ இழுத்துக்கும். ஏணியில ஏறுங்க, ஸ்டூல்ல ஏறாதீங்க. பக்கப்பிடியைக் கழட்டாதீங்க, ரெண்டு கையாலயும் பிடிக்கத்தான் அது. பிட் மாத்துறப்போ பிளக்கைப் பிடுங்கிடுங்க. கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். கண் போனில் இருக்கும். அதற்காகவே பிட்டைக் கழற்றுகிற சாவியை மெஷின் பக்கம் வைக்காமல், பிளக்கை ஒட்டி வயரோடு வயராகக் குட்டைக் கயிற்றில் கட்டிவிடுவாள். சாவி வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். வாடிக்கையாளரின் புத்தியை நம்புவதைவிடக் கயிற்றை நம்பலாம் என்பது அவள் கண்ட அனுபவம்.

தம்பி எங்கேயோ பழசாக ஒரு மெஷின் வாங்கி வந்தபோது அதற்கும் அப்படிக் கட்டிக்கொடுத்தாள். அவன் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கயிற்றை அறுத்தான். துரைக்குக் குனிந்து பிளக்கைப் பிடுங்க இடுப்பு வளையாது. அறுத்ததோடு விட்டானா, அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தான். அக்கா மெஷினைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டிப்போட்டு வளர்க்கிறாள் என்றான்.

இப்போதும் சாவி பிளக்கின் பக்கம் இல்லை. அறுந்த கயிற்றுத் துண்டு மட்டும் வயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் தேடினாள். தரையில் சாய்த்து வைத்திருந்த டி.வி.யின் மேல் கிடந்தது.

"ஏம்மா, இந்த மெஷினோடதானே நீ குடும்பமே நடத்துற. ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்குள்ள கழட்டிப் போடும்மா" என்றார் சித்தப்பா. அப்பாவின் தம்பி அவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நின்று, யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வார். தலை ஒன்றுதான் காலி.

அவள் ஏணி கேட்டாள். ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார்கள். தம்பி ஏறி விழுந்த அதே ஸ்டூல். பக்கத்து வீட்டில் போய் ஏணி வாங்கி வந்து ஏறினாள்.

சாவியைப் போட்டுத் திருகியதும் பிட்டைச் சுவரிலேயே விட்டுவிட்டு மெஷின் மட்டும் கழன்று வந்தது. உள்ளே கம்பியில் மாட்டியிருக்கிறது, பிட் இப்போதைக்கு வராது. மெஷினுக்குப் பக்கப்பிடி இல்லை. கழற்றி எங்கே போட்டானோ. சரி, எதிர்பார்த்ததுதான் என்று கையைக் கீழே இறக்கினால், விரலால் அழுத்துகிற விசை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. கறுப்பு டேப். விசை அழுந்தியபடியே கிடக்குமாறு நாலு சுற்றுச் சுற்றி, முனையை நேர்த்தியாக மடித்து ஒட்டியிருந்தான். அந்த நேர்த்தியைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டுப்போன விசையை மாற்றுவது கால் மணி நேர வேலை. கொண்டு வாடா, நானே மாத்தித் தர்றேன் என்று போனில் சொல்லியிருந்தாள். உன் கடைக்கு வந்தால் நீ பேசியே கொல்வாய் என்றான்.

ஏணியில் நின்றபடியே கூடத்தின் மறுகோடியைப் பார்த்தாள். சுவிட்ச் பலகை அங்கே, அடுப்பங்கரை வாசலை ஒட்டி இருந்தது. இங்கே ஸ்டூலில் நின்றவனுக்கு அங்கே எப்படிக் கை எட்டும்? எட்டாது. யாரோ அங்கே நின்றிருக்க வேண்டும். இந்த வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டியும்தான்.

ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் ஸ்டூலிலிருந்து விழுந்தார், பின்மண்டை டி.வி. மேஜையின் முனையில் இடித்தது என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அது சரிதான். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, அவன் பெண்டாட்டியும் சொல்லவில்லை.

தம்பி பெண்டாட்டி உள்ளறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அறை இருட்டாக இருந்தது. நேற்றிலிருந்து விளக்குக்கூடப் போடாமல் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டு அம்மாள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். காலையில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி மாடியெல்லாம் வழிகிறது, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், தான் ஓடிவந்து அணைத்ததாகவும் சொன்னாள். பாவம், சித்தம் கலங்கிவிட்டது என்றாள்.

அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த மெஷினைத் தரையில் வைத்தாள். டேப்பைப் பார்த்ததும் தம்பி பெண்டாட்டி முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு தானாகவே பேசினாள். விசை கெட்டு ரொம்ப நாளாயிற்றாம். இவளைப் பலகையடியில் நிற்க வைத்து, போடு என்றால் போட வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். போன தடவை குளியலறையில் கண்ணாடி மாட்டும்போது மெஷின் அலறியதில் பயந்து இவளாகவே நிறுத்திவிட்டாள். பிட் உடைந்துபோயிற்று. சுவிட்ச் போடக்கூட லாயக்கில்லாதவள் என்று திட்டிவிட்டு, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நேற்று டி.வி.யை ஒரு சாண் உயரமாக மாட்ட வேண்டும் என்று கிளம்பினான். படுத்துக்கொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கிறதாம் மகாராஜாவுக்கு.

"போடுன்னாரு, போட்டேன்" என்றாள். "திடீர்னு பிட் உள்ள மாட்டிக்கிட்டு மெஷினே சுத்த ஆரம்பிச்சிருச்சு. கையை விட்டுட்டாரு, அப்பவும் அது நிக்கல. வயர் கையில சுத்தி இழுக்குது. நான் சுவிட்ச் மேல விரலை வெச்சுக்கிட்டே நிக்குறேன் அண்ணி."

"ம்."

"அவர் நிறுத்துன்னு சொல்லவே இல்ல. ஐயோன்னுதான் சொன்னாரு."

  அக்காக்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவனை எழுப்பி உட்காரவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சமயம் வாசலில் வண்டி வந்து நின்றது. அழுகைச் சத்தம் கிளம்பியது. அவள் எழுந்து மெஷினையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

தம்பியைக் கிடத்தினார்கள். தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகத்தில் மட்டும் அந்தப் பழைய களை அப்படியே இருந்தது. எனக்குத் தெரியாததா, நீ சொல்ல வந்துட்டே என்கிற களை. அதைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு வயதில் இவளுடைய சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் திண்டாடினபோதும் இதே முகம்தான். அன்றைக்கும் தப்பு சைக்கிளுடையது.

தம்பி பெண்டாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். அவள் அழவில்லை. சுவரோரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தப்பா வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். தோளில் கனத்த துணிப்பையை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுவரில் துருத்திக்கொண்டிருந்த பிட்டில் மாட்டினார். தம்பியைக் கொன்ற பிட் அவருக்குப் பை மாட்ட வசதியாகப் போயிற்று. மாட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் தோற்றார் போங்கள், ஸ்டூலைப் பார்த்தார், வயர் போகிற வழியைப் பார்த்தார், அடியெடுத்து வைத்து அடுப்பங்கரை வாசல்வரை நடந்து சுவிட்ச் பலகையைப் பார்த்தார். அக்காக்காரி மெஷினோடு ஓரடி முன்னால் வந்தாள். இந்த மனுஷனுக்கு மூளை வேலை செய்ய இந்த நாள்தானா கிடைத்தது?

"ஆமா, அவன் நின்னது அங்கே. சுவிட்ச் இருக்கிறது இங்கே. அப்ப யாரு போட்டது?" என்றார் சித்தப்பா.

 கேள்வி கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. ஒவ்வொருத்தராகத் தலைமாட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஐயோ, இவள் கையாலேயா என்று முணுமுணுத்தாள். தம்பி பெண்டாட்டி வலது கையை மடியில் இடது கைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

இனி ஆயுசுக்கும் இந்தப் பேச்சுத்தான் அவளுக்கு. நல்ல நாள் கெட்ட நாள் எதிலும் விடமாட்டார்கள். புருஷனைச் சுவிட்ச் போட்டுக் கொன்றவள் என்று, முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அக்காக்காரி மெஷினைத் தூக்கிப் பெஞ்சின் கால்மாட்டில் டொக்கென்று வைத்தாள்.

"அவதான் போட்டா" என்றாள். "போடச் சொன்னவன் இவன்."

எல்லோரும் திரும்பினார்கள். டேப்பின் முனையை நகத்தால் நெம்பி, சரசரவென்று உரித்துத் தம்பியின் காலடியில் போட்டாள். விசையை விரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்தாள். விசை உள்ளேயே கிடந்தது.

"விரலை எடுத்தா இது டக்குன்னு வெளிய வரணும். மெஷின் நிக்கணும். கையை விட்டா உயிர் பிழைக்கட்டும்னுதான் கம்பெனிக்காரன் இப்படிச் செஞ்சு வெச்சிருக்கான். ஸ்பிரிங் போச்சு, இறுக்கிப் பிடிச்சாத்தான் ஓடும், கொண்டா மாத்தித் தர்றேன்னேன். கொண்டுவரல. அதுக்குப் பதிலா பொண்டாட்டியைச் சுவத்தோரம் நிறுத்தி வெச்சுக்கிட்டான். நான் சொன்னாத்தான் போடணும், நான் சொன்னாத்தான் நிறுத்தணும்னான். இவன் சொன்ன பேச்சை அவ கேட்டா. இவன் பொறந்ததிலேர்ந்து யார் பேச்சையும் கேட்கல. யாரு செத்திருக்கா பாருங்க."

"செத்தவன் கால்மாட்டுல நின்னு பேசுற பேச்சாம்மா இது?" என்றார் சித்தப்பா.

"உயிரோட இருக்கறப்பவும் இதைத்தான் பேசினேன் சித்தப்பா. முட்டாள்னுதான் கூப்பிட்டேன். செத்ததுக்காக இவனுக்கு இப்ப புத்தி வந்திருச்சுன்னு நான் சொல்லணுமா? இனிமே யாரு சுவிட்ச் போட்டதுன்னு கேட்கிறவங்க என்கிட்ட வந்து கேளுங்க. அந்தப் பையை முதல்ல எடுங்க அங்கேருந்து."

அவர் பையை எடுத்தார். கூடத்தில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள், கூடப் பிறந்தவளா இவள் என்றார்கள், மெஷினோடு பழகிப் பழகி மெஷினாகவே போய்விட்டாள் என்றார்கள். சொல்லட்டும். உடலை எடுக்கிறவரை வாய் ஓயாமல் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். தலைமாட்டில் இருந்தவளை மறந்தே போனார்கள். அவள் அப்போதுதான் முதல் முறையாகக் குரல் விட்டு அழுதாள். அக்காக்காரியும் குனிந்து அவனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். கட்டை விரலில் சுண்ணாம்புத் தூள் அப்படியே இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஏறியிருக்கிறான் மடையன் என்று நினைத்தாள். அந்தத் தூளைத் துடைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். சித்தப்பா கடைசியாகப் போனார், இவளிடம் சொல்லிக்கொள்ளாமல். பக்கத்து வீட்டு அம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கூடத்தைப் பெருக்கிக் கழுவியாயிற்று. அக்காக்காரி தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த கட்டிங் பிளேயரால் மெஷினின் வயரைப் பிளக்கை ஒட்டி வெட்டினாள். இனி எந்த அதிமேதாவியும் இதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏற முடியாது. வெட்டிய பிளக்கைத் தன் பைக்குள் போட்டாள்.

வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் பிட் இருந்த இடம் தெரியவில்லை. டீ டம்ளர் எங்கே இருக்கிறது என்று கையால் தடவ வேண்டியிருந்தது.

தம்பி பெண்டாட்டி உள்ளறையிலிருந்து வந்தாள். சுவரைப் பிடித்தபடி அடுப்பங்கரை வாசல்வரை போய்ப் பலகையின் முன் நின்றாள். கையை உயர்த்தினாள். கை அங்கேயே நின்றது. பிறகு தலையை மட்டும் மெதுவாகத் திருப்பி, கூடத்தில் அக்காக்காரி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

அவள் எதற்காக நிற்கிறாள் என்று அக்காக்காரிக்குப் புரிந்தது. போடு என்கிற ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஒருத்தருக்கும் புத்தி சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை அவள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்து, ஆறிப்போன டீயைக் குடித்தாள். குடித்து முடித்தபிறகும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் குழாய் திறந்து மூடியது. கூடம் முழுசாக இருட்டிவிட்டது.

டிக் என்று சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது.

தம்பி பெண்டாட்டி விரலைச் சுவிட்சின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து எடுத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.