ஒரு ஸ்டாப் முன்னால்

என் கணவருக்கு எதற்கெடுத்தாலும் கணக்கு வேண்டும். கணக்குப் போடாமல் அவர் செய்த ஒரே காரியம் என்னைக் கட்டிக்கொண்டதுதான் என்று என் தங்கை கிண்டல் செய்வாள். பஸ்ஸா காரா என்ற சண்டையும் அப்படித்தான் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது.

"பெட்ரோல், பார்க்கிங், சர்வீஸ், இன்ஷூரன்ஸ்... கார் நம்மள முழுங்குது" என்றேன்.

"கார்ல ஒருத்தர் போனாலும் நாலு பேர் போனாலும் ஒரே செலவு. பஸ்ல தலைக்குத் தலை காசு" என்றார்.

ஒரு மாதம் நான் பஸ்ஸில் போய்வர வேண்டும், மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும், தோற்றவர் இனி வாயே திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பத்து வயது மகள்தான் நடுவர். பள்ளி விட்டு வந்து நாங்கள் வரும்வரை வீட்டில் தனியாக இருப்பவள் அவள். யார் ஜெயித்தாலும் சரி, சீக்கிரம் வந்தால் போதும் என்றாள்.

நான் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் பல்லை வரிசையாக வைத்து, வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி டப்பாவில் போட்டு அனுப்புவோம். போட்டுக்கொள்ளும் ஆளை நாங்கள் பார்ப்பதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் உறவுமுறை வைத்துவிடுவோம். "அத்தை ரெடி", "சித்தப்பாவ இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்றுதான் எங்கள் பேச்சு ஓடும்.

அந்த மாதம் ஒரு டப்பா திரும்பி வந்தது. பெரியப்பா. போட்டுப் பார்ப்பதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லையாம். நான் பார்த்துப் பார்த்துச் செய்த செட் அது. அலமாரியில் வைக்கும்போது பாவமாக இருந்தது.

"கவலைப்படாதீங்க பெரியப்பா. யாரும் வரலேன்னா எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே பஸ் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. எங்கள் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் மெஷினில் கார்டைக் காட்ட வேண்டும். போன தூரத்துக்கு ஏற்றபடி காசு கழியும். காலையில் ஒழுங்காக ஒரு கட்டணம்தான் போயிற்று. மாலையில் இரண்டு போயிற்று. ஒன்று என்னுடையது, இன்னொன்று அதைவிடக் குறைவு. அந்த இரண்டாவது கட்டணம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

கணவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? உன் பஸ் உன்னையே கொள்ளையடிக்குது" என்றார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பஸ் நிறுவனத்துக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தேன். எடுத்த பெண் பொறுமையாகப் பார்த்துச் சொன்னாள்.

"சாயங்காலம் நீங்க ஒரே கார்டுல ரெண்டு பேரா வர்றீங்க மேடம். கூட வர்றவரு உங்களுக்கு முன்னாடியே இறங்கிடறாரு."

"கூட யாரும் வரலம்மா. எங்க இறங்கறாராம்?"

"முதல் நாள் ஆஸ்பத்திரி ஸ்டாப். அப்புறம் பாலம். அப்புறம் பெட்ரோல் பங்க். நேத்து வாட்டர் டேங்க்."

போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். வாட்டர் டேங்குக்கு அடுத்தது பார்க். பார்க்குக்கு அடுத்தது எங்கள் ஸ்டாப்.

அன்று மாலை கார்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பார்க் ஸ்டாப்பில் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. மெஷின் மட்டும் 'பீப்' என்றது. டிரைவர் யாருக்கோ வழிவிடுவதுபோலக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் கதவை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "நாளைக்கு நீங்க கார்ல வந்து கூட்டிட்டுப் போங்க. நான் தோத்துட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் முதலில் சிரித்தார். நடந்ததைச் சொன்னதும் இன்னும் சிரித்தார். பிறகு என் போனை வாங்கி, கழிந்த காசை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் சொன்னால் நம்பாதவர், எண்களை நம்பினார். "பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

மறுநாள் மாலை லேபிலிருந்து கிளம்பும்போது அலமாரிக்கு முன்னால் நின்று கெஞ்சினேன். "பெரியப்பா, நான் விளையாட்டுக்குச் சொன்னது. வர வேணாம்." யாரும் சிரிக்கவில்லை.

கார் வாசலுக்கே வந்தது. பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கார் கத்தத் தொடங்கியது. பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"பை கனமா இருந்தா அப்படித்தான். எடுத்து மடியில வச்சுக்கோ" என்றார்.

திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி எடுத்தேன். காலி டிபன் பாக்ஸும் குடையும்தான் அதில் இருந்தன. கார் நிறுத்தாமல் கத்தியது.

பிறகு பின்னால் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. கார் அமைதியாயிற்று.

நான்கு பேர் போனாலும் ஒரே செலவு என்று கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், உதடு வெளுத்துப்போயிருந்தது. பாலம் போயிற்று, பெட்ரோல் பங்க் போயிற்று, வாட்டர் டேங்க் போயிற்று.

"வீட்டுக்குப் போகாதீங்க. வேற எங்கயாவது போங்க" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"பாப்பா தனியா இருக்காளே" என்றார்.

அவர் தெருமுனையிலேயே வேகத்தைக் குறைத்தார். எங்கள் கார் சத்தம் மகளுக்குத் தெரியும். கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "சீக்கிரம் வந்துட்டீங்களே!" என்று குதித்தாள்.

கண்ணாடியை இறக்கி, உள்ளே போ என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது.