துணைக்கு ஆள்

கலைமகள் எங்கள் வாசலில் வந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் கொழுந்தன் பெண்டாட்டி அவள். மடை திறந்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"மகராணிக்கு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றேன்.

"அக்கா, தஞ்சாவூருல ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. துணைக்கு ஆள் இல்லாம பெட்டுல சேக்க மாட்டோம்னு சொல்றாங்க."

என்ன ஆபரேஷன் என்று நான் கேட்கவில்லை. நடையைப் பார்த்தாலே தெரிந்தது. கர்ப்பப்பை இறக்கம். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு நாற்றுக்கட்டு சுமந்த பெண்களுக்கு எங்கள் பக்கம் இது உண்டு. வெளியே சொல்ல மாட்டோம். எனக்கும் உண்டு. பழைய புடவைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவேன்.

வேறு யாரைக் கூப்பிடுவாள் அவள்? சம்பாக் கதிர் முற்றி நின்ற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, பயிர் அத்தனையும் சாய்ந்து, தண்ணீருக்குள்ளேயே முளைத்துப்போயிற்று. அறுப்பும் இல்லை, கூலியும் இல்லை. ஒன்பது வருடம் முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும், என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும்தான், ஒரே ரயிலில் ஏறிக் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் இருக்கிறவர்கள் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வர மாட்டார்கள். ஆபரேஷன் இலவசம், மருந்து இலவசம், கஞ்சியும் ரொட்டியும்கூட இலவசம். கூட இருக்கிற ஆளை மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும்.

"எப்ப போவணும்?"

"நாளைக்கு."

"நாளைக்குப் போறதுக்கு இன்னைக்கு வந்து நிக்கிற! நேத்தே வந்து சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று கத்திவிட்டு, இரண்டு புடவையை எடுத்துப் பையில் வைத்தேன்.

பாபநாசத்தில் பஸ் ஏறி, தனித்தனி சீட்டில் உட்கார்ந்து தஞ்சாவூரில் இறங்கினோம். வார்டில் நர்ஸ், "நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கேட்டார். "அக்கா" என்றேன். கலைமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டாக்டரம்மா வந்தபோது, தரையிலிருந்து நான் எழுந்த விதத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உங்களுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க, முட்டி வலி."

"முட்டியெல்லாம் இல்ல டாக்டர். அக்காவுக்கும் இதேதான், ரொம்ப வருஷமா" என்று கட்டிலிலிருந்து கலைமகள் போட்டு உடைத்தாள். பாவி, பேசாமல் இருந்த வருடங்களிலும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பரிசோதித்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "புண்ணாகிக் கெடக்கு, இது வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? இன்னும் தள்ளிப்போட்டா ஆபத்து. அடுத்த வாரம் ஒரு இடம் இருக்கு, போட்டுடவா?"

சின்னப் பெண், என் மகள் வயது இருக்கும். என் உடம்புக்காக இதுவரை யாரும் என்னை அதட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. "போடுங்கம்மா" என்றேன். அந்த நிமிடம் எனக்கு உண்மையாகவே ஆசை வந்துவிட்டது.

நர்ஸ் பெயர் கேட்டார். "ஆனந்தவல்லி" என்றேன்.

"துணைக்கு யாரு?"

"நான் இருக்கேன்" என்றாள் கலைமகள், மூத்திரக் குழாயோடு படுத்துக்கொண்டு.

"நல்லா இருக்கு! நீங்களே மூணு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது. வீட்டுக்காரர்னா ராத்திரி இந்த வார்டுல விட மாட்டோம். வேற பொம்பளைங்க யாராவது சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், நெறைய பேரு காத்திருக்காங்க."

வராந்தாவுக்குப் போய், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மகள் பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"சீக்கிரம் சொல்லும்மா, சூப்பர்வைசர் பாக்குறாரு."

"பத்து நாளு லீவு கெடைக்குமாடி?"

தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆர்டர் இல்லன்னு போன வாரம்தாம்மா பாதிப் பேர நிறுத்துனாங்க. இப்பப் போயி லீவு கேட்டா நானும் வெளியதான்." பிறகு அவள் குரல் மாறியது. "ஏம்மா, உனக்கு என்ன? மறைக்காம சொல்லு. நான் வரேன். வேலை போனா போவுது."

அவள் அனுப்புவதில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. கேரளாவில் அவள் அப்பா பாதி நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. சித்தியப் பாக்க வருவியான்னுதான் கேட்டேன். அவளே எந்திரிச்சு உக்காந்துட்டா. நீ வேலையப் பாரு."

"நெசமாவா?"

"உன்மேல சத்தியமா."

பெற்ற பிள்ளைமேல் பொய்ச் சத்தியம் பண்ணினேன்.

நர்ஸிடம் போய், "சிஸ்டர், அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் அறுப்புக்கு அப்புறம் வரேன்" என்றேன்.

"அறுப்பா? எல்லாம் தண்ணியில போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அடுத்த அறுப்புக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வேறொரு பெயரைக் கூப்பிட்டார்.

கலைமகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். "உன் எடத்துல நான் வந்து படுத்துக்கிட்டேனேக்கா."

"வாய மூடுடி. அழுதா தையல் பிரிஞ்சிடும்."

மறுநாள் குழாயை எடுத்துவிட்டு, பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கினேன். தூக்கும்போதே எனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. தொடையை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

"கனக்குறனாக்கா?"

"கனக்குறதுக்கு நீ என்னத்தத் தின்ன? நல்லா சாஞ்சுக்க."

அவள் நம்பிவிட்டாள். முழுப் பாரத்தையும் என்மேல் போட்டுக்கொண்டு நடந்தாள்.