ரெண்டு பக்கமும் அடிக்கணும்

வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்க அனுமதி கேட்டிருந்தாள் டீச்சர். பார்வையிட வந்த அதிகாரி சமையலறை, கழிப்பறை, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தோட்டத்துக்கு வந்ததும் மரவேலியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "ஸ்ஸ்" என்று உடனே கையை உதறினார். விரலில் சிராய் ஏறியிருந்தது.

"குழந்தைங்க கை படற இடம்மா. நல்லாத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு வைங்க. மூணு வாரத்துல வர்றேன்."

அவள் ஒன்பது வருஷம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். பள்ளியை மூடிவிட்டார்கள். 'டீச்சர்' மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது. கணவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். அவன் பஸ் டிரைவர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா வீடு. தையல் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். டீச்சர் அவளை வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

டீச்சருக்கு ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, வெளியே யாரிடமோ அண்ணி சொன்னது காதில் விழுந்தது. "பரண்ல இருந்து பெட்டிய இறக்கினாளாம். சொன்னாக் கேட்டாத்தானே?" அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அடுத்த மாதமே, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த செடிவரிசையை வெட்டிவிட்டு டிரைவர் இந்த வேலியைப் போட்டான். வெறும் மரத்தில் போட்டது. ஒருவரும் அதற்கு ஒரு சொட்டு பெயின்ட் காட்டவில்லை. வெயிலிலும் மழையிலும் நரைத்து, அடியில் பாசி பிடித்து நின்றது.

பெயின்ட் கடையில் இருந்த அம்மாள் மளமளவென்று குறித்துக்கொண்டாள். "எத்தனை அடி?"

"அம்பது. தோள் உயரம்."

"எனாமல் வேணாம். பளபளன்னு இருக்கும், ஆனா ஒரு வருஷத்துல தோல் உரியற மாதிரி உரியும். மரத்துக்குள்ள ஊறுற பெயின்ட் இருக்கு, நெடி அடிக்காது. குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு அதான் சரி. ரெண்டு பக்கமும்தானே?"

"எங்க பக்கம் மட்டும்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "அடிக்காத பக்கம் தண்ணி குடிக்கும்மா. பலகை வளையும். அந்த ஈரம் உங்க பக்கம் வந்து பெயின்ட்டக் கொப்பளிக்க வைக்கும். அப்புறம் என்னை வந்து திட்டுவீங்க. வேலின்னா ரெண்டு பக்கமும் அடிக்கணும்."

டீச்சர் வெறுங்கையோடு வீடு திரும்பி, கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க அக்காகிட்ட நீங்க பேசுங்களேன்."

"நானா?" அவன் குரல் முதல் தடவையாக முன் சீட்டுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியது. "காப்பகம் உன்னோடது. நீ பேசறதுதான் மரியாதை."

மறுநாள் காலை, டீச்சர் சேலையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். இருபது அடி தூரம்தான். அண்ணி திறந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. வாயில் இரண்டு குண்டூசி. டீச்சர் ஒப்பித்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அண்ணி குண்டூசிகளை எடுத்து ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டாள்.

"என்ன கலர்?"

டீச்சர் எதிர்பார்த்த கேள்விகளில் அது இல்லை. "இன்னும் முடிவு பண்ணல."

"கலர் அட்டையப் பார்த்து வாங்காதே. அட்டையில எல்லாமே அழகாத்தான் இருக்கும். சின்ன டப்பாவா மூணு வாங்கு. பலகையிலயே அடிச்சுப் பார்ப்போம்." கதவு சாத்திக்கொண்டது. ஆனால் 'பார்ப்போம்' என்றாள். டீச்சர் அதை வீடு வரை பிடித்துக்கொண்டே வந்தாள்.

சாம்பல் நீலம், தேன் நிறம், பட்டாணிப் பச்சை. மூன்றையும் மூன்று பலகைகளில் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பூசிவைத்தார்கள். டீச்சருக்கு நீலம் கண்ணை நிறைத்தது. டிரைவர் தூது போனான், பதிலோடு வந்தான்.

"நீலம் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்காம்."

"என்னது? கண்ணு தெரியலையா அவங்களுக்கு? பச்சைதான் பிடிச்சிருக்காமா?"

"தேன் நிறமாம்."

"அது துரு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் அவன் தொப்பியைத் தூக்கி மேஜையில் போட்டான். "நான் பஸ் ஓட்டறதா, உங்களுக்குத் தபால் சுமக்கறதா? ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னு பார்த்துத் தொலைங்களேன்!" அந்தச் சத்தம் தூது இல்லாமலே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிஷத்தில் அண்ணி தோட்டத்துக்கு வந்து நின்றாள்.

காலை வெயில் வேலியின் இந்தப் பக்கம் நேராக விழுந்துகொண்டிருந்தது. நீலம் துவைத்துப் போட்ட துணி போலப் பளிச்சென்று இருந்தது; தேன் நிறம் உண்மையிலேயே துருவாகத் தெரிந்தது. அண்ணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சாயங்காலம் என் பக்கம் வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் டீச்சர் போனாள். மஞ்சள் வெயில் அந்தப் பக்கப் பலகையில் சாய்ந்திருந்தது. அதே டப்பா, அதே நீலம், அழுக்குத் தண்ணியேதான். தேன் நிறமோ விளக்கேற்றி வைத்தது போல இருந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அண்ணியும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "துணியை ட்யூப் லைட்டுல பார்க்காதீங்க, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான். எனக்கே தோணலையே." பிறகு கடைசிப் பலகையைக் காட்டினாள். "இந்தப் பச்சை காலையில எப்படி இருந்துச்சு?"

"இப்ப மாதிரியேதான் அண்ணி."

அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணிப் பச்சை என்று முடிவானது.

பாசியைத் தேய்த்துக் கழுவ ஒரு நாள். காய இரண்டு நாள். பிறகு உப்புத்தாள். பலகை பலகையாகச் சிராய் போகும்வரை தேய்த்ததில் மூன்று பேருக்கும் புருவம் வரை மரத்தூள். ஞாயிற்றுக்கிழமை மேகமூட்டமாக இருந்தது. பெயின்ட் அவசரப்பட்டுக் காயாது. எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லியிருந்தாள் கடைக்காரம்மாள். இல்லாவிட்டால் டப்பாவுக்கு டப்பா நிறம் ஒரு பொட்டு மாறுமாம். கலக்கியதை இரண்டு சின்ன வாளிகளில் பிரித்துக்கொண்டு, வேலிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். டிரைவர் ஸ்டூலில் ஏறிப் பலகைகளின் உச்சி வெட்டுக்குப் பூசிக்கொண்டே வந்தான். தண்ணீர் அதிகம் குடிப்பது அந்த இடம்தான்.

ஒரு பலகையை மேலிருந்து கீழ்வரை முடித்த பிறகே அடுத்தது. இரண்டு பிரஷ்களின் சரசரப்பு மட்டும் கேட்டது. பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. அதில் அண்ணியின் சேலைக் கரை தெரியும், சில சமயம் ஒரு கண்.

"ஏய், வழியவிடாதே! என் பக்கம் சொட்டுது."

"பிரஷை வாளி விளிம்புல தட்டிட்டு எடுங்க அண்ணி, உங்களுதுதான் இங்க சொட்டுது."

ஏழெட்டுப் பலகை போயிருக்கும். அந்தப் பக்கச் சரசரப்பு நின்றது.

"ஆஸ்பத்திரில நான் சொன்னது உன் காதுல விழுந்திருச்சு, இல்ல?"

டீச்சர் பிரஷை நிறுத்தவில்லை. "விழுந்துச்சு."

"யாரையாவது குத்தம் சொல்லணும்போல இருந்துச்சு. சாமியச் சொல்ல பயம். டாக்டர் பக்கத்துலயே நின்னாரு. நீதான் கிடைச்சே." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நான் ஆறு சட்டை தைச்சு வச்சிருந்தேன்டி. உள்ளங்கை அளவுல. உன்கிட்டகூடச் சொல்லல. அன்னிக்கு வாய் தவறிப் போச்சு. தப்புதான். வந்து சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள நீ வேலி போடச் சொல்லிட்டே."

டீச்சரின் பிரஷ் நின்றது. "நான் எங்க சொன்னேன்? நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நானா? எதுக்கு?"

இடைவெளியில் இரண்டு கண்கள் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் மேலே திரும்பின. ஸ்டூலின் மேல் டிரைவர் பிரஷைப் பிடித்தபடி சிலையாக நின்றான்.

"இறங்கு" என்றாள் அக்கா.

அவன் இறங்கினான். "நான் என்ன பண்றது? இவளைப் பார்த்தா நீ அழுதுட்டு உள்ள ஓடினே. உன்னைப் பார்த்தா இவ அழுதுட்டு உள்ள ஓடினா. பார்க்காம இருந்தா அழமாட்டீங்கன்னு நினைச்சேன். பலகை வாங்கிட்டு வந்துட்டேன்." அவ்வளவு பெரிய குரல் கம்மிப்போயிருந்தது. "ரெண்டு பேரும் அழறதை நிறுத்தினீங்க. பேசறதையும் சேர்த்து நிறுத்துவீங்கன்னு எனக்குத் தெரியல. அப்புறம் பிடுங்கவும் பயமா இருந்துச்சு. எனக்கும் அது பிள்ளைதானே? நானும் அழுதேன். பஸ் டெப்போல போய் அழுதேன்."

வேலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்த அண்ணி, பச்சைக் கையோடு தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே கையால் டீச்சரின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள். டீச்சர் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, இரண்டு வருஷத்தையும் அழுது தீர்த்தாள். டிரைவரின் தலையில் விழுந்த பச்சை மூன்று நாள் போகவில்லை. பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம் விசாரித்தார்களாம்.

அன்றைக்கே முதல் பூச்சு முடிந்தது. மறுநாள் இரண்டாவது. குழந்தைகள் இருக்கப்போகிற தோட்டம், வேலி இருக்கட்டும் என்று மூவருமே சொன்னார்கள்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். இந்தத் தடவை முதலில் ஒரு விரலால் தொட்டு, அப்புறம்தான் உள்ளங்கையை வைத்தார். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். "யாரு அடிச்சது? ஒரு இடத்துலகூட பிரஷ் கோடு தெரியலையே" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை இரண்டு குழந்தைகள் வந்தார்கள். ஒன்று தூங்கியது. மற்றது, பையை இறக்கவிடாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மதியம்வரை ஓயாமல் அழுதது. பொம்மை, பாட்டு, குருவி எதுவும் எடுபடவில்லை. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அண்ணி ஒரு துணிமூட்டையோடு வந்து தரையில் உட்கார்ந்து, குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கலர் கலரான வெட்டுத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். சிவப்பு, ஊதா, கோடு போட்டது. அழுகை விக்கலானது. கொஞ்சம் கழித்து ஒரு சின்னக் கை நீண்டு, ஊதாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தது.

"அதுவும் சரிதான்" என்றாள் அண்ணி. பிறகு டீச்சரைப் பார்த்தாள். "நாளைக்கு எத்தனை பேரு?"

"நாலு பேரு அண்ணி."

"அப்போ காலையிலயே வந்துடறேன். நாலை நீ ஒருத்தி சமாளிக்க முடியாது."